வளையம் போட்டு அனுப்பியவர்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் வந்து நின்றபோது, எனக்குக் கவிதை வராது, கதை வராது, வந்ததெல்லாம் அரியர் மட்டும்தான் என்று சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். விடவில்லை. அப்படியானால் யாராவது பெரிய மனிதர் வாழ்க்கை வரலாறு எழுது என்றார். காந்தி, காமராஜர், கலாம் மூவரையும் மற்ற டிபார்ட்மெண்ட்காரர்கள் பிடித்துவிட்டார்களாம். சரி, நான் ஒரு கிழவரைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். யார் அந்தக் கிழவர்? எங்கள் ஆயாவின் சுருக்குப்பைக்குள் இருந்து எனக்குக் கிடைத்தவர். பெயர் சலீம் அலி.

முதலில் சுருக்குப்பைக் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சதுரங்கப்பட்டினம் போகிற வழியில், பக்கிங்காம் கால்வாய் ஓரம். ஐப்பசி மழை விட்டதும் கழிவெளியில் தண்ணீர் பரந்து நிற்கும். அப்போதுதான் உள்ளான்கள் வரும். சேற்றில் ஓடி ஓடிக் கொத்தும் அந்த நீளமூக்குப் பறவைகளை நீங்களும் ஈ.சி.ஆர். பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி கார்த்திகை மாசம், ஆயா வெற்றிலை மடிக்கும்போது பையிலிருந்து பாக்கோடு ஒரு சின்ன வெள்ளை வளையம் உருண்டு வந்தது. என்ன ஆயா இது என்றேன். அது உள்ளான் கால்ல கெடந்த தகரம்டா நைனா என்றாள். எங்கப்பா அரைக்கால் சட்டை போட்ட காலத்தில், வளைந்த மூக்குள்ள பெரிய உள்ளான் ஒன்றை வீட்டு வாசலில் விற்றுவிட்டுப் போனாராம் ஒருவர். குழம்புக்குக் கழுவும்போது காலில் இது இருந்ததாம். அழகா இருக்கே என்று எடுத்து வைத்துக்கொண்டாள். எடுத்துப் பார்த்தேன். தேய்ந்த இங்கிலீஷ் எழுத்து, கூடவே நம்பர். பம்பாய் என்று மட்டும் படிக்க முடிந்தது.

உள்ளான் காலில் பம்பாய் எப்படி வந்தது? அதைத் தேடிப் போனபோதுதான் கிழவர் கிடைத்தார்.

சலீம் அலி பிறந்தது 1896 நவம்பர் 12, பம்பாயில். ஒரு வயதில் அப்பா போய்விட்டார், மூன்று வயதில் அம்மாவும் போய்விட்டார். தாய்மாமன் அமீருத்தீன் தயாப்ஜி வீட்டில், அத்தை ஹமீதா பேகம் கையில் வளர்ந்தார். மாமா வேட்டைப் பிரியர். பையனுக்கு ஒரு ஏர்கன் வாங்கிக் கொடுத்தார். நம் ஊர்ப் பையன்கள் உண்டிவில் வைத்துக்கொண்டு அலைவது போல அவர் அதை வைத்துக்கொண்டு சிட்டுக்குருவிகளைச் சுட்டுக்கொண்டு திரிந்தார். பிற்காலத்தில் உலகமே பறவைக் காவலர் என்று கொண்டாடிய மனிதர், ஆரம்பித்தது இப்படித்தான். இதை அவரே தன் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். அந்தப் புத்தகத்துக்கு வைத்த பெயரே ஒரு குருவி விழுந்ததைப் பற்றியதுதான்.

பத்து வயது வாக்கில் ஒருநாள் சுட்டு விழுந்த குருவியின் கழுத்தில் மஞ்சளாக ஒரு திட்டு இருந்தது. வழக்கமான குருவி இல்லையே என்று மாமாவிடம் காட்டினார். மாமாவுக்கும் தெரியவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் என்று 1883-லேயே ஆரம்பித்த ஒரு சங்கம் இருந்தது, மாமா அதில் உறுப்பினர். செயலாளர் மில்லார்டு என்ற வெள்ளைக்காரருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்துப் பையனை அனுப்பினார். வெள்ளைக்கார ஆபீஸ், செத்த குருவியோடு தனியாக ஒரு பொடியன். பயந்துகொண்டே போனவரை மில்லார்டு விரட்டவில்லை. இது மஞ்சள் கழுத்துச் சிட்டு என்று பெயர் சொல்லி, அலமாரி அலமாரியாகத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். யோசித்துப் பாருங்கள், அன்றைக்கு அந்த மனுஷன் வேலையில்லையா போ என்று சொல்லியிருந்தால்?

சரி, இனி நம்ம விஷயத்துக்கு வருவோம். அதாவது படிப்பு!

செயின்ட் சேவியர் கல்லூரியில் முதல் வருஷத்தோடு நின்றுவிட்டார். காரணம் கணக்கு. லாகரிதம் அவருக்கு ஏறவே இல்லை. இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஏனென்றால் அப்போது எனக்கு எம்-2 மூன்றாவது தடவையும் போயிருந்தது. வீட்டில் சொல்லவில்லை. மறைமலை நகர் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், டிப்ளமோவை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நண்பனிடம் பேசி முடித்திருந்தேன்.

அவரும் விட்டுவிட்டுத்தான் போனார். பர்மாவில் தவாய் என்ற ஊரில் அண்ணன்மாருக்கு வொல்ஃப்ராம் சுரங்கமும் மர வியாபாரமும் இருந்தன. டங்ஸ்டன் எடுக்கிற தாது அது. நம் மெஷின் ஷாப்பில் ஹை ஸ்பீடு ஸ்டீல் டூல் பிடித்தவர்களுக்கு டங்ஸ்டனைத் தெரியாமல் இருக்காது. வியாபாரம் நஷ்டம். ஆனால் அவர் காட்டில் பறவை பார்த்த நேரம் நஷ்டம் இல்லை. 1917-ல் பம்பாய் திரும்பி வணிகச் சட்டமும் கணக்குப் பதிவும் படித்தார். அதோடு பிளாட்டர் என்ற பாதிரியார் வழிகாட்டி, விலங்கியலும் படித்தார். 1918-ல் தெஹ்மினாவோடு திருமணம். ஆனாலும் கையில் ஒரு டிகிரி இல்லை. இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் பறவையியல் வேலைக்கு முயன்றபோது, பட்டம் இல்லாததால் கிடைக்கவில்லை. டிகிரிக்காரன் முன்னால் டிப்ளமோக்காரன் வரிசையில் நிற்பது என்னவென்று நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

1926-ல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வருகிறவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலை கிடைத்தது. ரெண்டு வருஷத்தில் சலித்துவிட்டது. லீவு போட்டுவிட்டு ஜெர்மனிக்குப் போய், பெர்லினில் ஸ்ட்ரெசமான் என்ற பேராசிரியரிடம் வேலை கற்றுக்கொண்டார். கடைசி வரை தன் குரு என்று அவர் சொன்னது இவரைத்தான். அங்கேதான், வட கடலில் இருக்கும் ஹெலிகோலாந்து தீவில், பறவையைப் பிடித்துக் காலில் வளையம் போட்டுப் பறக்க விடும் வித்தையைக் கையால் செய்து பழகினார்.

இந்த வித்தை என்ன என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், அதற்குத்தான் இந்தக் கட்டுரை.

நம் ஒர்க்ஷாப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு இருக்கிறதே, அங்கே அக்டோபர் மாதம் ஒரு வாலாட்டிக் குருவி வரும். வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே தரையில் ஓடும். ஏப்ரலுக்குள் காணாமல் போய்விடும். அடுத்த அக்டோபரில் மறுபடி அதே இடத்தில் ஒன்று நிற்கும். போன வருஷம் வந்த அதே குருவியா, வேறொன்றா? எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் சொல்ல முடியாது. குருவிக்கு ஹால் டிக்கெட்டா இருக்கிறது? 1899-ல் டென்மார்க்கில் மார்டென்சன் என்ற பள்ளிக்கூட வாத்தியார் இதற்கு வழி கண்டுபிடித்தார். அலுமினியத்தில் மெல்லிய வளையம் செய்து, நம்பரும் திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியும் பொறித்து, மைனா இனப் பறவைகளின் காலில் மாட்டி விட்டார். ஒரே நம்பர் இரண்டு வளையத்தில் கிடையாது. எந்தப் பறவை, எந்த ஊர், எந்தத் தேதி என்பது நோட்டில் இருக்கும். அந்தப் பறவை வேறெங்கோ வலையில் சிக்கினாலும், சுடப்பட்டாலும், செத்துக் கிடந்தாலும், கண்டவர் ஒரு கடிதம் போட்டால் போதும். பறவை போன பாதையில் இரண்டு புள்ளிகள் கிடைத்துவிடும். அலுமினியம் ஏன் என்றால், எடை. இரும்பு போட்டால் பறவை பறக்க வேண்டாமா!

பம்பாயில் ஒரு தோட்டத்தில் வளையம் போட்ட சாம்பல் வாலாட்டி ஒன்று, அடுத்தடுத்த குளிர்காலங்களில் அதே வீட்டுப் புல்தரைக்குத்தான் திரும்பி வந்தது. அத்தனை பெரிய பம்பாயில் அந்த ஒரு துண்டுப் புல்! இது வளையம் இல்லாவிட்டால் யாருக்குத் தெரிந்திருக்கும்? வெளிநாட்டில் வீட்டுத் தோட்டத்தில் தீனிப் பெட்டி தொங்கவிட்டு, அதற்கு வரும் பறவைகளில் எதன் காலில் வளையம் என்று ஜன்னல் வழியே பார்ப்பார்களாம். நமக்குத் தீனிப் பெட்டி கிடையாது. ஆனால் ஆயா தினம் காக்காய்க்குச் சோறு வைக்காமல் சாப்பிட்டதில்லை. அதற்கு அணிலும் மைனாவும் தவிட்டுக்குருவியும் வரும். நான் இப்போதெல்லாம் அதுகளின் காலைத்தான் பார்க்கிறேன்.

மறுபடி கிழவருக்கு வருவோம். அப்போது கிழவர் இல்லை, முப்பத்து மூன்று வயது. 1930-ல் ஜெர்மனியிலிருந்து வந்தால் வேலை போய்விட்டது. பணம் இல்லை என்று அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். பம்பாய்க்கு எதிரே கடற்கரையில் கிஹிம் என்ற ஊரில் மனைவி வீட்டார் வீட்டுக்குப் போய்த் தங்கினார். வேலை இல்லாத மனுஷன் என்ன செய்வான்? வாசலுக்கு எதிரே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. மாதக்கணக்கில் அதைப் பார்த்தார். ஆண் குருவிதான் கூடு பின்னுகிறது, பாதிக் கூடு முடிந்ததும் பெண் வந்து சோதித்துப் பார்க்கிறது, பிடித்தால்தான் குடி வருகிறது, பிறகு ஆண் போய் அடுத்த கூட்டை ஆரம்பித்து அடுத்த பெண்ணைத் தேடுகிறது என்று ஒவ்வொன்றாக எழுதி வெளியிட்டார். நம் செங்கல்பட்டு ஏரிக்கரைப் பனைமரங்களில் எத்தனை கூடு தொங்குகிறது! எத்தனை பேர் நின்று பார்த்தோம்? அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது அந்த வேலையில்லாத காலம்தான்.

அதன்பின் சமஸ்தானம் சமஸ்தானமாகப் பறவைக் கணக்கெடுப்பு. ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், போபால்... செலவுக்குப் பணம் கொடுத்தால் போதும், சம்பளம் வேண்டாம் என்று கேட்டுப் போனார். மாட்டு வண்டியிலும் கூடாரத்திலும் தெஹ்மினா கூடவே இருந்தார். 1939-ல் ஒரு சின்ன அறுவை சிகிச்சைக்குப் பின் தெஹ்மினா இறந்துபோனார். பிள்ளைகள் கிடையாது. அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. அக்கா கமூ வீட்டில் இருந்துகொண்டு வேலையைத் தொடர்ந்தார். இரண்டு வருஷத்தில், 1941-ல், இந்தியப் பறவைகள் பற்றிய அவருடைய புகழ்பெற்ற புத்தகம் வந்தது. பிறகு அமெரிக்கரான டில்லன் ரிப்ளேயோடு சேர்ந்து பத்து பாகக் களஞ்சியம். இன்றும் பறவை பார்ப்பவர்களுக்கு அதுதான் ஆதாரம்.

மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் நண்பர்களுக்காக ஒரு பாரா. இல்லையென்றால் என்னைச் சும்மா விட மாட்டீர்கள். சலீம் அலிக்குப் பறவைக்கு அடுத்த பைத்தியம் மோட்டார் சைக்கிள்! தவாயில் மூன்றரை குதிரைத்திறன் என்.எஸ்.யூ. வண்டியில் ஆரம்பித்தது. ஹார்லி டேவிட்சன் வைத்திருந்தார், டக்ளஸ், ஸ்காட், சன்பீம் எல்லாம் வைத்திருந்தார். பி.எம்.டபிள்யூ. மட்டும் வாங்கவில்லையே என்று கடைசி வரை வருத்தம். 1950-ல் ஸ்வீடனில் உப்சலா நகரில் பறவையியல் மாநாடு. சன்பீமைக் கப்பலில் ஏற்றி ஐரோப்பாவில் இறக்கி, அங்கிருந்து ஓட்டிக்கொண்டே போனார். வழியில் பிரான்சில் ஒரு விபத்தில் அடி, ஜெர்மனியின் கல் பாவிய சாலைகளில் பல தடவை சறுக்கல். மாநாட்டு வாசலில் வண்டியோடு போய் இறங்கியதும், இந்தியாவிலிருந்தே ஓட்டி வந்துவிட்டார் என்று வதந்தி கிளம்பிவிட்டதாம். அப்போது அவருக்கு வயது ஐம்பத்து மூன்று.

1957-ல் அன்றைய மைசூர் மாநிலத்தில், ஷிமோகா பக்கம் காட்டில் குரங்குகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. கூடவே மனிதர்களுக்கும் காய்ச்சல். அதுதான் கியாசனூர் காட்டு நோய். கிருமியைச் சோதித்துப் பார்த்தால், ரஷ்யாவில் உண்ணி மூலம் பரவும் ஒரு கிருமிக்குச் சொந்தக்காரன். அங்கிருந்து இங்கே எப்படி வந்தது? வலசை வரும் பறவைகள் உடம்பில் உண்ணி ஒட்டிக்கொண்டு வந்திருக்குமோ என்று சந்தேகம். சலீம் அலி இதைப் பிடித்துக்கொண்டார். பல வருஷமாகப் பணமில்லாமல் கிடந்த அவருடைய ஆசை, பெரிய அளவில் வளையம் போடும் திட்டம், உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு ஆரம்பமானது. பறவைதான் நோயைக் கொண்டு வந்தது என்று கடைசியில் நிரூபணம் ஆகவில்லை. ஆனால் லட்சத்துக்கு மேல் பறவைகளுக்கு வளையம் விழுந்தது. பரத்பூரில் வளையம் போட்ட வாத்துகள் அன்றைய சோவியத் நாட்டில் சுடப்பட்டு, அங்கிருந்து தகவல் வந்தது. நம் தமிழ்நாட்டில் கோடியக்கரையில் முகாம் போட்டார்கள். 1967-ல் அது சரணாலயம் ஆயிற்று. எழுபது வயது தாண்டிய மனுஷன் உப்பளச் சேற்றில் நின்று கொண்டு உள்ளானுக்கு வளையம் மாட்டுவதை மேற்பார்த்தார். எழுபது தாண்டியவர்கள் நம் தெருவில் என்ன செய்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. பறவையைக் காயப்படாமல் பிடிக்க அவர் யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? பி.எச்டி.க்காரர்களை இல்லை. பீகாரில் தலைமுறை தலைமுறையாகப் பறவை பிடித்து விற்றே பிழைத்த மிர்ஷிகார் என்ற குடும்பத்தாரை! அவர்கள் கண்ணியும் வலையும் வைக்கும் கைவேலைக்குச் சமமாக எந்தக் கருவியும் இல்லை என்று அவருக்குத் தெரியும். எங்கள் வாசலில் உள்ளான் விற்றுவிட்டுப் போன அந்தப் பெயர் தெரியாத மனிதரையும் அவர் பார்த்திருந்தால் வேலைக்குச் சேர்த்திருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

அவரைச் சாது என்று நினைத்துவிட வேண்டாம். கோபக்காரர், கஞ்சர், குறட்டை விட்டால் பக்கத்துக் கூடாரத்தில் ஆளை விடமாட்டார். ஆராய்ச்சிக்காக ஆயிரக்கணக்கில் பறவைகளைச் சுட்டவர். அதற்காகச் சிலர் குறை சொன்னபோது அவர் வெட்கப்படவில்லை. எண்ணிக்கையும் இனமும் தெரியாமல் எதையும் காப்பாற்ற முடியாது, வெறும் கண்ணீரால் காப்பாற்ற முடியாது என்பது அவர் கட்சி. நம் வேடந்தாங்கல்காரர்களும் ஏறக்குறைய அந்தக் கட்சிதான். பறவை எச்சம் விழுந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு நல்ல உரம் என்று கண்டு, 1790-களிலேயே கலெக்டர் லயோனல் பிளேஸிடம், இங்கே யாரும் சுடக்கூடாது என்று உத்தரவு வாங்கி வைத்தார்கள். முப்பது ஹெக்டேர் ஏரி அது. 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர். நவம்பரில் ஒருமுறை போய் வாருங்கள், நத்தைகுத்தி நாரைகள் குச்சி தூக்கிக்கொண்டு வருவதைப் பார்க்கலாம்.

1958-ல் பத்மபூஷண், 1976-ல் பத்மவிபூஷண். அதே 1976-ல் கெட்டி பரிசாக வந்த ஐம்பதாயிரம் டாலரை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்குக் கொடுத்துவிட்டார். டிகிரி இல்லாதவருக்கு அலிகார், டெல்லி, ஆந்திரா என்று மூன்று பல்கலைக்கழகங்கள் டாக்டர் பட்டம் கொடுத்தன. 1985-ல் ராஜ்யசபா உறுப்பினர். 1987-ல், தொண்ணூறு வயதில், பம்பாயில் காலமானார். 1990-ல் கோயம்புத்தூரில் அவர் பெயரில் பறவையியல் ஆராய்ச்சி மையம் வந்தது.

இனி என் வளையம். ஆயாவிடம் கெஞ்சி ஒருநாள் மட்டும் கடன் வாங்கினேன். மெட்ராலஜி லேபில் வெர்னியர் வைத்து அளந்தேன். உள்விட்டம் எட்டு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. நம்பர் படிக்கவில்லை. லேப் அசிஸ்டெண்ட் அண்ணன், எதுக்குடா இது, ரெக்கார்டை முதல்ல முடி என்று திட்டிக்கொண்டே டூல் மேக்கர்ஸ் மைக்ராஸ்கோப்பைத் திறந்து கொடுத்தார். லைட்டைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததில், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குத் தகவல் கொடு என்ற வாசகம் தெரிந்தது. பிறகு நம்பர். கடைசி இலக்கம் மட்டும் தகராறு. நான் மூன்று என்றேன், அண்ணன் எட்டு என்றார். நாலு பேர் வந்து பார்த்தார்கள், ரெண்டுக்கு ரெண்டு ஓட்டு! வெற்றிலைச் சுண்ணாம்பு தின்றது போக மிச்சம் அவ்வளவுதான்.

வீட்டில் போய், ஆயா, கடிதம் போடப் போகிறேன் என்றதும் அவள் முகம் மாறிவிட்டது. இத்தனை வருஷம் ஏன் யாரிடமும் காட்டவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. எழுத்து படிக்கத் தெரியாதவள், ஆனால் அது சர்க்கார் எழுத்து என்று பயந்திருக்கிறாள். சர்க்கார் பறவையைத் தின்னுட்டேன்டா, போலீஸ் வருமாடா என்றாள். இப்போது உள்ளான் பிடிப்பது சட்டப்படி குற்றம்தான், ஆனால் தகவல் கேட்பது தண்டிக்க இல்லை ஆயா, அந்தக் குருவி எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்கத்தான் என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அரை மனதாகத் தலையாட்டினாள். நூறு வளையம் போட்டால் ஒன்றுகூடத் திரும்பாதது ஏன் என்று எனக்கு விளங்கியது. நாடு முழுக்க எத்தனை சுருக்குப்பையோ!

எம்-2 போன ஏப்ரலில் பாஸ். நாற்பத்தொன்று மார்க், பெருமைப்பட ஒன்றுமில்லை. ஒப்பந்த வேலைக்குப் போகவில்லை.

கடிதத்தை ரிஜிஸ்டர் தபாலில் மும்பைக்கு அனுப்பியிருக்கிறேன். மூன்று என்றால் எந்தப் பறவை, எட்டு என்றால் எந்தப் பறவை, இரண்டையும் நோட்டில் பார்த்துச் சொல்லும்படி எழுதியிருக்கிறேன். வளைந்த மூக்கு என்று ஆயா சொன்னதையும் சேர்த்திருக்கிறேன், அதை வைத்து இரண்டில் ஒன்றைக் கழித்துவிடலாம் அல்லவா? வளையத்தையும் சேர்த்து அனுப்பலாம் என்று நினைத்தேன். ஆயா தரமாட்டேன் என்றுவிட்டாள். பாக்கோடு மறுபடி பைக்குள் போய்விட்டது. தபால்காரர் தெருவில் வரும்போதெல்லாம், பம்பாய்லேர்ந்து ஏதாச்சும் வந்துச்சாடா என்று முதலில் கேட்பது இப்போது அவள்தான்.